எந்த ஓலை மஞ்சள்?

வணக்கம் நேயர்களே.

போன கிழமை நிலாவெளியில் ஓர் அக்கா தன் வளவுத் தென்னையைக் காட்டினார். "ரெண்டு தரம் யூரியா போட்டும் மஞ்சள் போகேல்லை தம்பி" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சளாகியிருந்தவை அடி ஓலைகள். ஈர்க்குகளின் நுனிதான் மஞ்சள். மட்டையை ஒட்டிய பகுதி இன்னும் பச்சை. குருத்துக்குக் குறையே இல்லை.

ஒளித்தொகுப்புக்காக வெயிலைப் பிடிப்பது பச்சையம். அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரேயொரு மக்னீசியம் அணு, சுற்றிவர நான்கு நைதரசன் அணுக்கள். யூரியா நைதரசனைத் தரும், நடுவில் இருப்பதைத் தராது. மக்னீசியம் தட்டுப்பாடானால் மரம் கிழட்டு ஓலையிலிருந்து அதைக் கழற்றிக் குருத்துக்கு அனுப்பிவிடும். பானையில் சோறு குறைந்த இரவில் அம்மா செய்வதும் இதுதானே. நைதரசன் குறைந்தாலும் அடி ஓலைதான் வெளுக்கும், ஆனால் முழு ஓலையும் ஒரே சீராக வெளுக்கும்.

அக்கா பொற்றாசியம் தரும் பொட்டாசுப் பசளையையும் அள்ளிப் போட்டிருந்தார். அது கூடினால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். பொட்டாசைக் குறை சொல்லவில்லை; இலையின் நுண்துளையான இலைவாயைத் திறந்து மூடுவதே பொற்றாசியம்தான். அது போதாத பயிர் வறண்ட கச்சான் காற்றில் தண்ணீரைக் காக்க முடியாமல் வாடும்.

சரி, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால்? அது பெரும்பாலும் இரும்புக் குறை. பச்சையத்துக்குள் இரும்பு இல்லை, ஆனால் இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. கிழட்டு இலையிலிருந்து அதைக் கழற்றவும் மரத்தால் இயலாது. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்பு அதிகம், இரும்பு கரையாது. புல்மோட்டைக் கறுப்பு மணலின் இல்மனைட் என்ற கனிமத்தில் இரும்பு நிறையவே உண்டு. வேருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எனக்கு எப்போதும் வியப்பு மங்கனீசுதான். நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியமும் சேர்ந்த சின்னக் கூட்டம் இலைக்குள் தண்ணீரைப் பிளக்கிறது. நாம் இழுக்கும் ஒட்சிசன் அங்கேதான் பிறக்கிறது. பசளைக் கடையில் யாரும் மங்கனீசு கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு மக்னீசியம் தரும் எப்சம் உப்பு போடச் சொன்னேன். மஞ்சளான ஓலை இனிப் பச்சையாகாது, அடுத்து விரியும் ஓலைகளைப் பாருங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த மாதமே கூப்பிட்டு, "இன்னும் மஞ்சளாத்தானே இருக்கு" என்பார்.