பித்தக் குழாய் அடைத்தால்: விலாவழியே ஒரு மெல்லிய ஊசி

[திரை: மஞ்சளித்த கண்]

கண் மஞ்சளித்தால் களுவாஞ்சிகுடியிலும் சரி, கல்முனையிலும் சரி, பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் பேச்சு: "செங்கண்மாரிதான், கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுங்க." வைரஸால் வருவது பலருக்குத் தானாகவே தணியும், பெயரை மூலிகை வாங்கிக்கொள்ளும். குழாய் அடைத்து வருவதை எந்தச் சாறும் திறக்காது. மலம் வெளுத்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போய், உடம்பெல்லாம் கடி எடுத்தால் ஸ்கேன் செய்யப் போங்கள்.

[வரைபடம்: ஈரல், பித்தக் குழாய், குடல்]

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் பித்தம் சுரக்கும். குடலுக்கு இறங்கும் பாதையைக் கல்லோ கட்டியோ தழும்போ மறித்தால் அது இரத்தத்தில் தேங்கும்.

வாய்வழியே கமரா விட்டு அடைப்பைத் திறப்பதே பெரும்பாலும் முதல் முயற்சி. அடைப்பு ஈரலின் வாசலிலேயே இருந்தாலோ, முன்பு இரைப்பையில் ஒப்பரேசன் நடந்திருந்தாலோ அந்த வழி சரிவராமல் போகலாம். அப்போது கதிரியல் நிபுணரின் முறை.

[திரை: எக்ஸ்ரே அறை]

முதலில் இரத்தம் உறையும் வேகத்தைப் பார்ப்பார்கள். பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் விட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தக் கசிவு நிற்கத் தாமதிக்கும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் அஸ்பிரின், வார்ஃபரின் குடிப்பவர்கள் இங்கே மறைக்கக் கூடாது. தாங்களாக நிறுத்தவும் கூடாது.

விலாப் பக்கம் விறைப்பு ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்தபடி மெல்லிய ஊசியை ஈரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்க்குள் விடுவார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து செலுத்தியதும் அடைப்பு எங்கே என்று படம் காட்டும். ஊசிவழியே கம்பி, கம்பிமேல் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பான குழாய். அடைப்பைக் கம்பி தாண்டினால் பித்தம் குடலுக்கும் இறங்கும், பிறகு பாதையைத் திறந்தே வைத்திருக்கும் உலோக ஸ்டென்ட் வைக்கவும் இடமுண்டு. தாண்டாவிட்டால் வெளியே பைக்குள் மட்டும்.

கட்டி இதனால் கரையாது. மஞ்சள் இறங்கினால்தான் பலருக்கு அடுத்த மருந்தைத் தொடங்க முடியும்.

[திரை: வீட்டில் நோயாளி, இடுப்புக்குக் கீழே பை]

சிரமம் வீட்டில்தான். கொழும்பில் செய்துகொண்டு பஸ்ஸில் வருபவர்கள், குழாய் மடியாமலும் சீற்றில் சிக்காமலும் பாருங்கள். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும். தினமும் சேர்ந்த அளவை எழுதுங்கள். திடீரெனக் குறைந்தால் குழாய் அடைத்திருக்கலாம். மிக அதிகமானால் உடம்பு உப்பும் நீரும் இழக்கிறது. நழுவிய குழாயை உள்ளே தள்ளாதீர்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இரவே வைத்தியசாலைக்குப் போங்கள். குழாயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்காமல் வராதீர்கள்.