பெயர் எப்போது வந்தது?

பெரியோர்களே, சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே,

திருகோணமலையில் நின்று சாட்சியைப் பற்றிப் பேசுவது லேசான காரியமல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். பயந்து நாட்டைவிட்டே போன சாட்சிகள் உண்டு. அதனால், யாராவது துணிந்து கூண்டில் ஏறி "இவர்தான்" என்று கை நீட்டினால், உடனே நம்பிவிட எங்கள் மனம் துடிக்கிறது. அந்தத் துடிப்பு எனக்கும் உண்டு. இருந்தும் அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 134ஆம் பிரிவு: ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற கணக்கு இல்லை. ஒரே ஒருவரின் சொல்லில் ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்கலாம்.

கற்பனையாக ஒரு வழக்கு. நிலாவெளியில் ஒரு வீடு, இரவு, கரண்ட் இல்லை. "முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்து அவரை வெட்டினார்கள்" என்று அன்றிரவே மனைவி பொலிஸில் சொல்கிறார். சில வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில், "பக்கத்து வளவுக்காரர்தான், குப்பி விளக்கில் கண்டேன்" என்கிறார். மணி ஏழா எட்டா, கத்தியா கோடரியா என்ற பிசகுகள் வரத்தான் செய்யும். உயிர்ப்பயத்தில் யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. அதைப் பிடித்து அந்தத் தாயைப் பொய்காரி ஆக்கும் குறுக்கு விசாரணையை நான் மதிப்பதில்லை. ஆனால் தினமும் வேலிக்கு மேலால் கதைத்தவரின் பெயர் முதல் வாக்குமூலத்தில் ஏன் இல்லை?

காரணம் இருக்கலாம். பயந்திருக்கலாம். அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் வாங்கியிருக்கலாம். எங்கள் பகுதியில் இது புதுக்கதையா? அதை விசாரணையில் கேட்டே ஆகவேண்டும். அந்த வாக்குமூலம் தன்னளவில் சான்றாகாது. முன்னர் வேறுவிதமாகச் சொன்னார் என்று காட்டவே அது உதவும். ஆகவே பெயர் பிந்தி வந்ததற்கு என்ன விளக்கம், அதை ஏன் ஏற்கிறேன் என்று நீதிபதி எழுத வேண்டும். "இவை அற்ப முரண்பாடுகள்" என்று ஒரு வரியில் கடந்துபோன தீர்ப்பு, அந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

அப்படிக் குற்றவாளியாகக் காணப்பட்டவர் மேன்முறையீடு செய்தால், கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்னால் இருப்பது சாட்சியத்தின் வெறும் எழுத்து. சாட்சியை நேரில் கண்ட நீதிபதி நம்பியதை அவர்கள் எளிதில் தொடமாட்டார்கள்; அது சரி. ஆனால் வழக்கு நடுவில் இடமாற்றம் வந்து, சாட்சியைக் கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதியவர் இன்னொருவர் என்றால்? அவர் கண்டதும் அதே எழுத்தைத்தானே! சாட்சியம் தாங்காத தீர்ப்பை நீக்க 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவரின் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

அவர் விடுதலையாகும் நாளில் நிலாவெளித் தாய் கேட்பார்: "அப்ப என்ர மனுசனை வெட்டினது ஆர்?" அதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இராது. முதல் இரவில், அவருடைய மொழியில், இன்னும் இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தால் இருந்திருக்கும்.