வலப்பக்கம் வளையும் பந்து

நேயர்களுக்கு வணக்கம். கோல்ஃப் பயிற்சியைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு: மட்டையைத் தூக்கிக் காட்ட வழியில்லை. ஆகவே வீட்டில் வளைந்த கைப்பிடியுள்ள குடை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு தரைப்பக்கம் இருக்கட்டும். கூர்முனைப் பக்கத்தை இரு கைகளாலும் பிடியுங்கள். இடக்கை மேலே, வலக்கை கீழே. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றினால் வீச வேண்டாம், பிடித்தால் மட்டும் போதும்.

இப்போது குனிந்து இடக்கையைப் பாருங்கள். எத்தனை விரல் கணுக்கள் தெரிகின்றன? ஒன்றுதான் என்றால், நீங்கள் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓட வாய்ப்பு அதிகம். இதைத்தான் ஸ்லைஸ் என்கிறோம். வலக்கைக்காரர்களில் புதிதாக வருபவர்களைப் பாடாய்ப் படுத்துவது இதுதான்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இதற்குத் தாமே வைத்தியம் பார்த்திருந்தார். பந்து வலப்பக்கம் போகிறதா, சரி, இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்போம் என்பது அவர் கணக்கு. வாரத்துக்கு வாரம் இன்னும் கொஞ்சம் திரும்பினார். நான் பார்த்தபோது, பந்தடிக்க நிற்பவர் போலவே இல்லை. பக்கத்து மரத்தடியில் இருப்பவரை விசாரிக்க நிற்பவர் போல இருந்தார். பந்தோ முன்னைவிட மோசமாக வளைந்தது.

காரணம் எளிது. மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், எந்தத் திசையைப் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசிச் செல்லும் பாதைக்கும் உள்ள இடைவெளிதான் அதை வளைக்கிறது. அவர் இடப்பக்கம் திரும்பத் திரும்பப் பாதையும் இடப்பக்கம் போனது. முகம் மட்டும் குழியில் நட்ட கொடியையே பார்த்தது. இடைவெளி கூடியது. மருந்தே நோயை வளர்த்துவிட்டது. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ அரை மில்லி வினாடி. அந்த நேரத்தில் எதையும் திருத்த முடியாது. திருத்தம் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

ஒரே மூச்சில் ஏழு அறிவுரை சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் மட்டையின் உறையைக் கழற்றி, பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னால் தரையில் வைத்தேன். மட்டை வெளிப்பக்கமிருந்து இடப்பக்கம் குறுக்கே வந்தால் அதில் பட்டுவிடும். "இதில் படாமல் அடியுங்கள் சார்" என்றேன். முதல் ஐந்து வீச்சிலும் உறைதான் பறந்தது. ஆறாவதில் உறை அசையவில்லை. பந்து வலப்பக்கமே போனது. ஆனால் நேராகப் போனது. அவர் முகம் வாடியது. எனக்கோ பெரிய மகிழ்ச்சி. பாதை சரியாகிவிட்டது, இனி முகம்தான் பாக்கி.

பிறகு இடக்கையைச் சற்று வலப்பக்கம் உருட்டி, இரண்டு கணுக்கள் தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். "இது தவறாகப் படுகிறதே" என்றார். பல வருடத் தவறு கைக்குப் பழகிவிட்டால், சரியானதுதான் தவறாகப் படும். அதனால்தான் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுகிறோம். உடல் சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பழகிய வீச்சை மாற்றுவது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் கடினம்தான். இங்கிலாந்தின் கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ 1983இல் ஐரோப்பியத் தொடரில் ஐந்து பட்டங்கள் வென்றவர். அப்படிப்பட்டவர், பெரிய போட்டிகளின் அழுத்தத்தில் தம் வீச்சு தாங்காது என்று எண்ணி, பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் அதைப் பிரித்து மீண்டும் கட்டினார். 1985, 1986 இரண்டும் பட்டமின்றிக் கழிந்தன. 1987இல் ஸ்காட்லாந்தின் மூர்ஃபீல்டில் நடந்த ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் 18 குழிகளையும் பார் கணக்கிலேயே, அதாவது ஒவ்வொரு குழிக்கும் வகுத்த அடி எண்ணிக்கையிலேயே முடித்து, ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய ஆறு பெரும் பட்டங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு வியப்பு, தோற்றுக்கொண்டே பந்தடித்த அந்த இரண்டு ஆண்டுகள்தான்.

நம் வங்கி அதிகாரிக்கு இப்போது பந்து பெரும்பாலும் நேராகப் போகிறது. பந்தயம் கட்டி ஆடும் நாளில் மட்டும் கால்கள் மெல்ல இடப்பக்கம் நகரும். நான் வாய் திறப்பதில்லை. உறையை எடுத்துத் தரையில் வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே காலைத் திருத்திக்கொள்வார்.

குடையை இனி மாட்டி வைத்துவிடலாம். வணக்கம்.