பழைய காருக்கு எந்த ரேடியேட்டர்? காசைக் கொடுக்குமுன் டேப்பை எடுங்கள்

[காட்சி: மலேசியா, பேராக்கில் தாப்பா டவுன், காலை. பட்டறை வாசலில் பானட் திறந்தபடி ஒரு டட்சன் 120 வை.]

வணக்கம். இந்த வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அப்பா எஸ்டேட் கிராணியாக இருந்தபோது வாங்கிய 120 வை, தாத்தா விட்டுப்போன மோரிஸ் மைனர் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும். 1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகாகூட இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இந்தக் கார்க்காரர்கள் பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வாட்டர் டேங்க் போச்சு, அலுமினியம் போட்டுடலாமா?" வாட்டர் டேங்க் என்று அவர்கள் சொல்வது ரேடியேட்டரைத்தான்.

போடலாம். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. பழைய ரேடியேட்டரின் மேல்டாங்கையும் கீழ்டாங்கையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கோரை, அதாவது தண்ணீர் ஓடும் குழாய்களும் அவற்றை ஒட்டிய மெல்லிய தகடுகளான துடுப்புகளும் சேர்ந்த பகுதியை, மட்டும் புதிதாகப் போடுவதைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன், கெட்டது ரேடியேட்டர்தானா என்று பார்த்துவிடுவோம். வேறு எதுவோ கெட்டுப்போய், பழி ரேடியேட்டர் மேல் விழுவது ரொம்ப சகஜம்.

[காட்சி: டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள், நெருக்கத்தில்.]

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் டவுன் நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் குறை காற்றில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். இதற்கு எத்தனை வெள்ளி கொடுத்துப் புது ரேடியேட்டர் போட்டாலும் பயன் இல்லை.

டவுனில் ஒழுங்காக இருந்து, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டியதும் ஏறுகிறதா? அப்போது காற்று தாராளமாக வருகிறது, தண்ணீர்தான் ஓடவில்லை. கோர் அடைத்திருக்கலாம். அல்லது கீழ் ஹோஸ் பழசாகி, பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பிப் போகலாம். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது ஹோஸ் பழையபடி உப்பி நிற்கும் என்பதால் இது சீக்கிரம் பிடிபடாது. இன்ஜின் வேகத்தைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஒருவர் பானட்டுக்குள் ஹோஸைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் நம் ஊர்ப் பரீட்சை: கேமரன் மலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை பழைய சாலையில் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. வேகம் குறைவு, சுமை அதிகம். காற்றும் தண்ணீரும் இரண்டுமே சரியாக இருந்தால்தான் முள் அசையாமல் நிற்கும். லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் பானட்டைத் தூக்கிவிட்டு, மினரல் பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்கு அது சரிதான். ஆனால் இன்ஜின் ஆறுமுன் ஊற்றாதீர்கள், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

[காட்சி: உள்ளங்கையில் இரண்டு மூடிகள். ஒன்றில் 0.9, இன்னொன்றில் 1.1 என்ற எண்.]

ரேடியேட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் அதன் மூடியைப் பாருங்கள். இந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் வரை மூடி பிடித்து வைக்கும் என்பதைக் காட்டுகிறது. 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப்போன மூடியில் அழுத்தம் நிற்காது, 100-லேயே கொதித்துவிடும். தானா ராத்தா உயரத்தில் இன்னும் கீழே, 95-ஐ ஒட்டி. இந்த முழு சிஸ்டத்திலும் மலிவான சாமான் இந்த மூடிதான்.

அதற்காக எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 1.1-ஐப் போட்டுவிடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள்தான் வரும். 0.9 என்பது ஏறக்குறைய 13 பவுண்டு. மோரிஸில் அதைப் போட்டால் வயதான ஈயப் பற்று தாங்காமல் ஓரத்தில் பிரியலாம். காரின் கையேடு சொல்லும் எண்ணோடு நில்லுங்கள்.

[காட்சி: ஆறிய இன்ஜின். மூடியைத் திறந்து, கழுத்துக்குள் டார்ச் அடிக்கும் கை.]

மூடி நல்லது, பெல்ட் நல்லது, சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தாயிற்று, ஒழுங்காகத் திறக்கிறது. இன்ஜின் ஓடும்போது கழுத்தில் விடாமல் குமிழி வரவில்லை, அதனால் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மேலும் சந்தேகம் இல்லை. இப்போது ரேடியேட்டருக்குள் பார்க்கலாம்.

தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு டார்ச் அடித்தால் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரியும். நல்ல கோரில் ஒவ்வொரு வாயும் மெல்லிய, நீளமான பிளவாகச் சுத்தமாக இருக்கும். இதைப் பாருங்கள். இடது பக்கம் நாலைந்து வாய் திறந்திருக்கிறது. வலது பக்கம் போகப் போக வெள்ளையும் பழுப்புமாகப் படிவு மூடி, பிளவு இருந்த இடமே தெரியவில்லை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வெப்பமானித் துப்பாக்கியை கோர் மேல் ஓட்டினால் அதே வலது பக்கம் மட்டும் குளிர்ந்து கிடக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் போகவே இல்லை. இப்படி ஆன கோருக்குத்தான் மாற்று வேண்டும். ஒழுக்கு அடைக்கும் பவுடரை வாங்கி ஊற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை.

[காட்சி: மேசை மேல் மூன்று ரேடியேட்டர்கள். செம்பு-பித்தளை, முழு அலுமினியம், பிளாஸ்டிக் டாங்க் வைத்த அலுமினியம்.]

செம்பு அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட 1.7 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் செம்புதான் சிறந்ததா? அவ்வளவு சுலபம் இல்லை. பழைய ரேடியேட்டரில் செம்பாக இருப்பது மெல்லிய துடுப்புகள் மட்டுமே. தண்ணீர் ஓடும் குழாய் பித்தளை. இரண்டையும் சேர்ப்பது ஈயப் பற்று, அது வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. அலுமினியம் எடை குறைவு என்பதால் குழாயை அகலமாகச் செய்ய முடிகிறது. அகலக் குழாயில் துடுப்பு அதிகம் ஒட்டும். கடைசியில் ஒழுங்காகச் செய்த இரண்டு ரேடியேட்டர்களுக்கும் இடையில் வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவு இருக்காது.

வித்தியாசம் பின்னால் வரும். செம்பு-பித்தளை ஒழுகினால் பற்ற வைக்கத் தெரிந்தவர் பற்ற வைத்துவிடுவார். அலுமினியத்தை வெல்டிங் பண்ண ஆள் தேட வேண்டும். பிளாஸ்டிக் டாங்க் வைத்தது விரிசல் விட்டால் அநேகமாக அதோடு சரி.

அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி, திருட்டுக் கரண்ட். பழைய கார்களில் இன்ஜினுக்குப் போகும் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். கரண்ட் வேறு வழி தேடி கூலண்ட், அதாவது ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்க் கலவை, வழியாகப் போகும். போகிற போக்கில் அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். சோதிப்பது எளிது. வோல்ட் மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையை, கழுத்தின் உலோகத்தில் படாமல், கூலண்டில் மட்டும் முக்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு விளக்கு, ஏர்கான் எல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3-ஐத் தாண்டினால் முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள். அதைச் செய்யாமல் அலுமினியம் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது. மாட்டும்போது இரும்புச் சட்டத்தோடு நேராக உரசாமல் ரப்பர் வைத்து மாட்டவும் வேண்டும்.

[காட்சி: கழற்றிய கோரும் தனியாக வைத்த இரண்டு டாங்குகளும்.]

இப்போது தெரிகிறதா, நான் ஏன் கோர் மாற்றுவதைச் சொல்கிறேன் என்று? டாங்க் பழையதே என்றால் ஹோஸ் வாய், மூடியின் கழுத்து, மாட்டும் காது, தண்ணீர் இறக்கும் குழாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே தெரியும். தாப்பாவில் ஆள் கிடைக்காவிட்டால் ஈப்போ வரை கொண்டுபோக வேண்டியிருக்கலாம், போகலாம். டாங்கே அரித்துப்போயிருந்தால் மட்டும் வேறு வழி பாருங்கள்.

கோர் போடுபவர் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை வரிசைக் குழாய்? துடுப்பு எவ்வளவு நெருக்கம்? ஏர்கான் இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். இங்கே ஓடும் பழைய கார்கள் பலவற்றில் ஏர்கான் பிறகு பூட்டியது. அதன் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான காற்றைத்தான் பின்னால் அனுப்பும். ஏர்கானை நினைக்காமல் செய்த ரேடியேட்டருக்கு அது கூடுதல் பாரம். அப்படிப்பட்ட காரில் இரண்டு வரிசை இருந்த இடத்தில் மூன்று வரிசை போடுவதில் நியாயம் உண்டு. நான்கு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போவதில் லாபம் இல்லை. முதல் வரிசையைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சூடு; கோர் தடிக்கத் தடிக்கக் காற்று நுழைவதும் கஷ்டம்.

துடுப்பு நெருக்கத்தில் கடைக்காரர் பேச்சைவிட உங்கள் சாலையைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 14 துடுப்பு என்றால் காகிதத்தில் நன்றாக இருக்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவருக்கு அது கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு 10 அல்லது 12 போதும் என்பேன். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப் துடுப்பை மடக்கிவிடும்.

[காட்சி: மைலோ அட்டைப்பெட்டியை வெட்டி, கோரின் பின்புறம் டேப்பால் ஒட்டும் கைகள்.]

தடித்த கோர் போடுமுன் இதைச் செய்து பாருங்கள். 120 வை, மோரிஸ் போன்ற கார்களில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். புது கோர் பழையதைவிட எத்தனை மில்லிமீட்டர் தடிமனோ, அத்தனை தடிமனுக்கு அட்டையை அடுக்கி, பழைய கோரின் பின்னால் ஒட்டுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இங்கே பாருங்கள், மேலே இடைவெளி தாராளம். கீழே வரும்போது ஓர் இலை அட்டையைத் தொட்டுவிட்டுப் போகிறது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்து, இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் வருவது இது. எல்லாப் பக்கமும் குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும். அழுத்தி பிரேக் போட்டால் இன்ஜின் முன்னால் நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்த வண்டிக்கு முதலில் மவுண்டிங், பிறகுதான் கோர்.

ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடையில், வேறு காரின் ரேடியேட்டர் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். உயரம், அகலம், தடிமன் அளந்தால் போதாது. மேல் ஹோஸ் எந்தப் பக்கம், கீழ் ஹோஸ் எந்தப் பக்கம், வாயின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டரா 38 மில்லிமீட்டரா, மூடி சின்னதா பெரியதா, ஆட்டோ கியர் என்றால் கீழ்டாங்கில் எண்ணெய் குளிரும் குழாய் உண்டா என்று எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். "தட்டினா உக்காந்துரும்" என்று கடையில் சொல்வார்கள். எங்கே தட்டுவது என்று கேளுங்கள்.

[காட்சி: தண்ணீர்த் தொட்டியில் முக்கிய ரேடியேட்டர், காற்றுக்குழாய் மாட்டியிருக்கிறது.]

வேலை முடிந்ததும் உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மூடியின் அழுத்தத்தைவிடச் சற்றே அதிகமாகக் காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட வரக் கூடாது.

உள்ளே ஊற்றுவது? "நம்ம ஊர்ல ஸ்நோவா விழுது, கூலண்ட் எதுக்கு?" என்பார்கள். கூலண்டில் துருத் தடுப்பான் இருக்கிறது, அதற்காக. செம்பு-பித்தளைக்குப் பழைய வகைப் பச்சைக் கூலண்ட் போதும். காய்ச்சி வடித்த தண்ணீரில் 30 சதவீதம் கலந்தாலே நம் சூட்டுக்குச் சரி. அளவை எதற்கும் டப்பாவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பைப் தண்ணீர் வேண்டாம்.

காரின் மூக்கை மேடான பக்கம் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து ஊற்றி, இன்ஜினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், மேலும் ஊற்றி மூடுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன், மட்டத்தைத் திரும்பப் பார்த்து ஹோஸ் கிளிப்புகளை ஒரு சுற்று இறுக்குங்கள். அதன் பிறகு கேமரன் மலைச் சாலையில் ரிங்லெட் வரை ஏறிப் பாருங்கள், முதலில் ஏர்கான் இல்லாமல், அடுத்த தடவை ஏர்கானோடு.