கோவையிலிருந்து பிராங்பர்ட்: தூரமும் நேரமும்

நேயர்களுக்கு வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி விற்கும் ஜவுளிக்காரர்கள் ஜனவரி வந்தால் ஜெர்மனியின் பிராங்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். "போய்ச் சேர எத்தனை மணி நேரமாகுமுங்க?" என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் கோவைக்கும் பிராங்பர்ட்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அரபிக்கடல், ஈரான், கிழக்குத் துருக்கி, கருங்கடல், ருமேனியா என்று அது போகும். சுமார் 7,540 கிலோமீட்டர். கோவையிலிருந்து நேர் விமானம் இல்லை. அபுதாபியில் மாறினால் முதலில் 2,790, பிறகு 4,860, ஆக 7,650. கூடுவது 110 கிலோமீட்டர்தான். பறப்பில் எட்டு நிமிடம்! டெல்லி வழியாகப் போனால் 8,070 ஆகிவிடும். இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை 2025 ஏப்ரலில் மூடியதால் அந்த வழியில் சுற்று இன்னும் கூடியது.

நேரத்துக்கு எளிய கணக்கு: கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, ஏறி இறங்கவும் தரையில் ஊர்ந்து போகவும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அபுதாபிக்கு நாலு மணி, அங்கிருந்து ஆறரை மணி வரும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஜனவரியில் அதன் வேகம் அதிகம். போகும்போது அது எதிர்க்காற்று, ஏழு மணியும் ஆகலாம். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி, அங்கே பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால் ஒன்பது மணிப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி பின்னால். ஆக, பதின்மூன்றரை மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் மூன்றரைதான்.

இந்தப் பதின்மூன்றரையில் பறப்பது பதினொன்று, மீதி காத்திருப்பு. அதைக் குறைக்கிறேன் என்று ஒன்றரை மணிக்கும் குறைவான இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஆள் ஓடிப்போய் ஏறிவிடலாம், சாம்பிள் பெட்டி ஏறாது. மாதிரித் துணி இல்லாமல் கண்காட்சியில் நின்று என்ன செய்வது? விலை குறைவென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பது அதைவிட மோசம். பெட்டியை அபுதாபியில் நீங்களே வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுப் பணம் போனதுதான்.

கரூரிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம், அங்கே மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். இந்த ஆறு மணியையும் கணக்கில் வையுங்கள். சேலம், தர்மபுரிக்காரர்கள் பெங்களூருக்கே காரில் போய்விடலாம். அங்கிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானம் உண்டு. 7,400 கிலோமீட்டர், பெட்டி இடையில் கை மாறாது.