ஆய்வுக்கு ஒரு கண்மாய் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்க நினைப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், வருவாய்த் துறையில் இருப்பவர்கள், வங்கி ஊழியர்கள். ஆர்வம் பெரிது. ஆனால், கொண்டுவரும் தலைப்பைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் வரலாறு, தொடக்கம் முதல் இன்றுவரை என்பார்கள். முழுநேரமாக உட்கார்ந்தாலும் கரை சேராத வேலை அது. ஒரு ஊரை எடுங்கள், முடிந்தால் அந்த ஊர்க் கண்மாயை மட்டும் எடுங்கள் என்பேன்.

ஒரு கண்மாயில் அப்படி என்ன இருக்கிறது? மடைத்தூணில் கல்வெட்டு இருக்கலாம். அப்புறம் இனாம் பதிவேடு. சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் அமைத்து, மானியமாக விட்ட நிலங்களை ஊர் ஊராக விசாரித்தார்கள். யார் கொடுத்தது, எதற்காக, இப்போது யார் அனுபவிக்கிறார், ஆதாரம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். கோயில் பூசைக்கு, சத்திரத்துக்கு, ஊர் ஊழியத்துக்கு என்று பதிவுகள் வரிசையாகப் போகும். சில பகுதிகளில் நடுவே ‘தசபந்தம்’ என்று ஒன்று வரும். குளம் வெட்டியவருக்கோ பழுது பார்ப்பவருக்கோ விட்ட மானியம் அது. அந்த ஒரு பதிவு கையில் கிடைத்தால் போதும். கண்மாய் யார் பொறுப்பில் இருந்தது, அந்தப் பொறுப்பு எப்போது கைமாறியது, அதன்பிறகு தூர் வாரியது யார் என்று கேள்விகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

பழைய கணக்குகளில் பசலி ஆண்டுதான், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டுதான் இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1270 என்றால் 1860 ஜூலையில் தொடங்குகிற ஆண்டு.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பதிவேடுகளைப் பார்க்கப் போக வேண்டிய சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் அலுவலக நேரத்தில்தான் இயங்கும். நமக்கும் அப்போதுதான் வேலை. அதனால், என்ன பதிவேடு, எந்த வட்டம், எந்த ஊர் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு, இருக்கிற விடுப்பை அதற்கென்று சேர்த்து வையுங்கள்.

ஆனால், உள்ளூர்க்காரருக்கு ஒரு பலம் உண்டு. பதிவேட்டில் சர்வே எண் இருக்கும். தட்டான் வயல், பண்டாரஞ்செய் என்கிற மாதிரிப் பெயரெல்லாம் உழுதவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் பத்துத் தடவை போய் உட்கார ஊரிலேயே இருப்பவரால்தான் முடியும். கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு, கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திப் பார்த்துத்தான் சோழர் கால நாடுகளை, அதாவது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரப் பிரிவுகளை, வரைபடத்தில் கொண்டுவந்தார். அப்படி ஒரு நாட்டுக்குள் அடங்கும் ஊர்களை எடுத்து நுணுக்கமாகச் செய்தால் அதுவே நல்ல ஆய்வேடு.

விதிமுறையையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதே விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன. எனக்கு அது இழப்பாகவே படுகிறது. சின்னத் தலைப்பில் கை பழக அது ஒரு படியாக இருந்தது. இனி அந்தப் பழக்கத்தை முதுகலைத் திட்டக் கட்டுரையிலேயே தொடங்க வேண்டும். ‘ஒரே ஊர்தானா?’ என்று தலைப்பைத் திருப்பி அனுப்பாத நெறியாளர்களும் வேண்டும்.

நன்றி, வணக்கம்.