கண்மாய்க்குச் சிமெண்டு வந்தது, நீர்ப்பாய்ச்சிக்கு என்ன வந்தது?

(உலகத் தண்ணீர் நாளையொட்டி, சிவகங்கை மாவட்டத்தில் நடந்த பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, நீர்வளத்துறை உதவிச் செயற்பொறியாளர் அவர்களே, வேளாண்மை உதவி இயக்குநர் அம்மா அவர்களே, சுற்றுவட்டாரக் கண்மாய்ப் பாசன சங்கங்களின் தலைவர்களே, மேடைக்கு முன்னால் தரையில் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, வேலைக்குப் போயிருந்தால் கிடைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நிற்கிற தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வர்த்தகர் சங்கத்துப் பெரியவர்களுக்கு நன்றி. பொறியாளர் அவர்கள் இன்று காலை வைகைக் கரையில் ஆய்வை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். அவருடைய துறையைப் பற்றிச் சில கடுமையான வார்த்தைகளை நான் சொல்லப்போகிறேன். அது தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பெருந்தன்மைக்கு என் கைகூப்பிய வணக்கம். உதவி இயக்குநர் அம்மா, போன மாதம் எங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்த மனுவை நின்றுகொண்டே படித்து முடித்தவர். அவருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘பாசன நவீனமயமும் கிராமத்து வறுமையும்’. மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கண்மாய் வேலைக்கு வந்த பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்று. பெண்களின் வேலை என்ன ஆனது என்பது இரண்டு. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிட்ட நீர்ப்பாய்ச்சி எங்கே போனார் என்பது மூன்று.

நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்பார்கள். என் பாட்டி இதைச் சொல்லாத நாள் கிடையாது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு பழமொழிக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000 என்பது அரசுக் கணக்கு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், இருந்தால் நீர்வளத்துறையின் கையில், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். நம் பக்கத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரே சொல்லும். நாற்பத்தெட்டு மடை என்றால் சும்மாவா? எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலை எத்தனை நாழிகை விடுவது, எப்போது அடைப்பது என்று பார்க்க ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். இங்கே நீர்ப்பாய்ச்சி, மதுரைப் பக்கம் நீராணிக்கம், வடக்கே காஞ்சிபுரம் பக்கம் நீர்க்கட்டி. பெரும்பாலும் ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். சொந்த வயல் இல்லாததால் யார் பக்கமும் சாயமாட்டார் என்று ஊர் அவரை நம்பியது. கூலி பணமாக வராது. அறுப்புக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல், இத்தனை கதிர்க்கட்டு என்று அளந்து கொடுப்பார்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த நெல்லை வாங்க அவர் களத்து ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான். மடை திறந்த அதே ஆள்தான் சாவுச் செய்தி சொல்லவும் போகவேண்டும். 1858ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட கட்டாய உழைப்புச் சட்டத்திலும் மண் சுமந்தது யார் தலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த அவமானம் ஒழிய வேண்டியதுதான். ஆனால் அவமானத்தை அப்படியே விட்டுவிட்டு, அவர் சாப்பிட்ட நெல்லை மட்டும் ஒழித்தார்கள். அதைத்தான் நான் கேட்கிறேன்.

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பின் உதவியோடு ஏரிகளை நவீனப்படுத்தும் திட்டம் நம் மாநிலத்துக்கு வந்தது. நூறு முதல் இருநூறு ஹெக்டேர் வரை ஆயக்கட்டு உள்ள, ஆற்றுநீர் வராத மானாவாரி ஏரிகளை எடுத்துக்கொண்டார்கள். மடையைச் சரிசெய்தார்கள், தண்ணீரை அடைத்துத் திறக்க இருந்த பழைய குமிழிக்குப் பதில் திருகு ஷட்டர் வைத்தார்கள், வாய்க்காலுக்குச் சிமெண்டு போட்டார்கள், சமுதாயக் கிணறும் வெட்டினார்கள். நோக்கம் நல்ல நோக்கம். சிமெண்டு வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குச் சீக்கிரம் போகிறது. கடைமடையில் இருப்பவர் பெரும்பாலும் சின்ன விவசாயி, அவருக்கு அது லாபம்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் ‘கசிவு இழப்பு’ என்று ஒரு வரி இருக்கும். இத்தனை சதவீதம் தண்ணீர் வாய்க்காலிலேயே வீணாகிறது என்று எழுதியிருப்பார்கள். வீணாகவா போனது? மண் வாய்க்கால் கரையில் அந்தக் கசிவில்தான் அருகம்புல் மண்டிக் கிடந்தது. நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் அரிவாளோடு போய் ஒரு கட்டுப் புல் அறுத்து வந்தால்தான் கொட்டிலில் நிற்கிற ஒற்றைப் பசு பால் கொடுக்கும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பறித்துச் சந்தையில் கூறு கட்டி விற்றவர்கள் இருந்தார்கள். வாய்க்காலை ஒட்டிய காலனிக் கிணறு கோடையிலும் ஊறியது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று முன்னோர் சொன்னது உவமை மட்டும் இல்லை. இந்த ஊர்களில் நிலம் இல்லாதவன் பிழைத்த வழியே அதுதான். பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு மடைவழியாகப் பங்கு. மற்றவர்களுக்குக் கசிவுவழியாகப் பங்கு. சிமெண்டு பூசியபோது இரண்டாவது பங்கை யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டோம். ஈடு தருவதைப் பற்றி ஒரு வரிகூட அந்த மதிப்பீட்டில் எழுதவில்லை.

அப்புறம் கிணறு. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. மோட்டார் போட முடிந்தவர் போட்டார். போட்டவருக்குக் கண்மாய் நிறைந்தால் என்ன, காய்ந்தால் என்ன? ஊர்க்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்ட ஆள் அனுப்புவதை நிறுத்தினார், நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பதையும் நிறுத்தினார். மோட்டார் போட முடியாதவர் அவரிடமே போய் விளைச்சலில் பங்கு பேசித் தண்ணீர் வாங்கினார். கண்மாய் தூர்ந்தது, சீமைக்கருவேலம் ஏறியது.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

நான் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த காலம். அந்த ஊர்க் கண்மாய்க்குப் புது ஷட்டர் வைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஷட்டர் திருகுகிற சாவி சங்கத் தலைவர் வீட்டில். பழைய நீர்ப்பாய்ச்சியை ஊரில் எல்லோரும் மடைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். புது மடை வந்ததும் அவருக்கு வேலை போயிற்று, நெல்லும் போயிற்று. செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஐப்பசி கடைசி. அடைமழை. கண்மாய் முட்ட நிறைந்து, உபரி நீர் வழிகிற கலுங்கு சாய்கிறது. ராத்திரி ஒரு மணி இருக்கும், மடைத் தாத்தா என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நனைந்த சாக்கைத் தலையில் போட்டிருக்கிறார். “சார், டார்ச் லைட் இருந்தாக் குடுங்க. கரையில ஊத்து விழுந்திருக்கு.” “உங்களுக்கு யார் சொன்னது தாத்தா?” “யாரு சொல்லணும்? மழை விழுகிற சத்தத்துல தூக்கம் வருமா எனக்கு? அதான் ஒரு எட்டு நடந்து பாத்தேன்.”

நானும் கூடவே போனேன். மூன்றாம் மடைக்குக் கிழக்கே, கரையின் வெளிப்பக்கத்து அடிவாரத்தில் விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது மழைத்தண்ணீராகவே தெரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி அள்ளினார். “சார், தெளிஞ்சு வந்தாப் பயமில்ல, கரை வேர்க்குதுன்னு விட்டுரலாம். கலங்கி வருது பாருங்க. உள்ள மண்ணை அறுக்குது. விடியிறதுக்குள்ள கரை போயிரும்.” அவர் உள்ளங்கையில் செம்மண் படிந்திருந்ததை நான் பார்த்தேன்.

மடையைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கலாம் என்றால் சாவி வேண்டும். தலைவர் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. மடைத் தாத்தா காலனிக்குள் ஓடினார். ஒவ்வொரு வீடாகத் தட்டினார். ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். உர மூட்டைச் சாக்கில் மண் அள்ளி, ஊத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கினார்கள். இன்னொரு கூட்டம் கலுங்குக்குப் போய், குத்துக்கல்லுக்கு நடுவே அடைத்திருந்த மண்ணையும் பலகையையும் பிடுங்கி எறிந்தது. உள்பக்கம் எங்கே ஓட்டை என்று தெரியவேண்டுமே! அறுபது வயது தாண்டிய மனிதர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டில் தண்ணீருக்குள் இறங்கினார். காலாலேயே தடவித் தடவி நண்டு வளை வாயைக் கண்டுபிடித்தார். வைக்கோலைப் பந்தாகச் சுருட்டிக் களிமண் பூசி வரிசையாகக் கொடுத்தோம். முங்கி முங்கி அடைத்தார். கிழக்கு வெளுக்கும்போது ஊத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டது. கரைக்குக் கீழே இருந்த தெருக்களில் ஜனம் தூங்கிக்கொண்டிருந்தது.

(இந்த இடத்தில் நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.)

கேளுங்கள், கதை முடியவில்லை. தலைவர் திரும்பி வந்தார், மடைத் தாத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர் அவர். ஊர்க்கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். அப்போது ஒரு பெரியவர், “இவரையே சங்கத்தில் சேர்த்து, மாசம் ஒரு சம்பளம் கொடுத்தால் என்ன?” என்று கேட்டார். சங்கக் கணக்கை எழுதுகிறவர் விதிமுறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆயக்கட்டில் பட்டா இல்லையே, உறுப்பினராகச் சேர்க்க வழியில்லை” என்றார். தீர்மானப் புத்தகத்தில் அன்று, ‘கரை உடைப்பு பொதுமக்கள் ஒத்துழைப்பால் தடுக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். மறுநாள் மடைத் தாத்தா சூளைக்குப் போய்விட்டார்.

கணக்கு எழுதியவர் மேல் குற்றம் இல்லை. 2000ஆம் ஆண்டு நம் மாநிலம் கொண்டுவந்த பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்யும் சட்டமும் இதே வழியில்தான் போனது. ஆந்திரம் 1997இல் போட்ட சட்டத்தை அடியொற்றி வந்தது அது. நிலம் உள்ளவருக்கே அதில் ஓட்டு. நாற்று நடுகிற பெண்ணுக்கு, மீன் பிடிக்கிறவருக்கு, மண் எடுக்கிற குயவருக்கு, ஆடு மேய்ப்பவருக்கு, மடை திறப்பவருக்கு ஓட்டு இல்லை. மானாமதுரைக் கடத்தை உலகமே மெச்சுகிறது. அந்த மண்ணைத் தருகிற கண்மாயைப் பற்றிப் பேச அந்தத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை.

2007இல் உலக வங்கிக் கடனில், ஆற்றுப் படுகைகளின் உட்பிரிவுகளான 63 உபவடிநிலங்களில், 2,500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்யும் திட்டம் வந்தது. 2017இல், ஊரே கூடிக் கண்மாயைச் சரிசெய்வதற்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரோடு 100 கோடியில் முதல் கட்ட வேலை தொடங்கியது. விவசாயிகள் பத்து சதவீதம் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்றார்கள். கரை உயர்ந்தது, ஷட்டர் வந்தது. மதிப்பீட்டுப் பட்டியலில் சிமெண்டுக்கு விலை இருக்கிறது, கம்பிக்கு விலை இருக்கிறது, ஜேசிபிக்கு மணிக்கணக்கு வாடகை இருக்கிறது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அடுத்த இருபது வருஷம் அந்த ஷட்டரைத் திறந்து மூடப்போகிறவருக்கு ஒரு ரூபாய் இல்லை. எண்ணெய் போட ஆள் இல்லாத திருகு துருப்பிடிக்கிறது. அப்புறம் கடப்பாறையால் நெம்புகிறார்கள், உடைகிறது, மறுபடி மதிப்பீடு போடுகிறார்கள். பொறியாளர் ஐயா தலையசைக்கிறார், அவருக்குத் தெரியும்.

இரண்டாவதாகப் பெண்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. அது வந்த தோட்டத்தில் களையெடுப்பு குறைகிறது, களையெடுப்பு பெண்கள் கூலி. அது தனிக்கூட்டம் போட்டுப் பேசவேண்டிய விஷயம். உதவி இயக்குநர் அம்மா அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நிலம் இல்லாதவனுக்குத் தண்ணீரில் பங்கு தர முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1972 பஞ்சத்துக்குப் பிறகு, புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் பானி பஞ்சாயத்து என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறாய் என்று அங்கே கேட்கவில்லை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். தலைக்கு அரை ஏக்கர் பாய்கிற தண்ணீர். நிலம் இல்லாத குடும்பத்துக்கும் பங்கு. தண்ணீரைக் குடிக்கிற கரும்புக்கு இடம் இல்லை. அங்கே நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்று யாரும் கசிவை நம்பிக் காத்திருக்கவில்லை. புல்லுக்கும் பங்கு என்று எழுதியே வைத்தார்கள்.

முதல் விஷயத்தை, அதாவது பணம் போன வழியை, விரிவாகப் பேச நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் கோரிக்கைக்கு வருகிறேன்.

நவீனப்படுத்திய ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நீர்ப்பாய்ச்சியை அரசு நியமிக்க வேண்டும். சாதி பார்த்து அல்ல, வேலை தெரிந்தவராகப் பார்த்து, ஆணோ பெண்ணோ, மாதச் சம்பளத்தோடு. மடைச் சாவி அவர் கையில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் விழ வேண்டும், இனி ஒருவரும் களத்து ஓரத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கண்மாயை நம்பிப் பிழைக்கிற நிலமற்ற குடும்பங்களுக்குப் பாசன சங்கத்தில் உறுப்பினர் உரிமையும் ஓட்டும் வேண்டும். அடுத்த மதிப்பீடு போடும்போது, சிமெண்டு பூசுவதற்கு முன்னால், அந்தக் கரையில் புல் அறுக்கிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம், மை டப்பா இருக்கிறது. பட்டா எண் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது, ஊர்ப் பெயரும் கண்மாய்ப் பெயரும் எழுதினால் போதும். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டர் அவர்களிடம் நேரில் கொடுக்கிறோம். பழைய நீர்ப்பாய்ச்சிகள் உங்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் கட்டணத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.